திப்சுகியா: இருமனமா, ஈரொட்டா, வேறு ஏதாவதா?

எழுத்தாணி, செவ்வாய் இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். சனிக்கிழமை மாலை வகுப்புக்குத் திதாக்கே என்ற பழைய கிரேக்க நூலின் முதல் ஆறு அதிகாரங்களைத் தமிழில் அச்சடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் கத்தோலிக்கர், பாதிப் பேர் சீர்திருத்தச் சபையார். மீட்பு என்றால் ஒரு வரிசை முகம் சுளிக்கும், இரட்சிப்பு என்றால் இன்னொரு வரிசை. அது பழகிவிட்டது. நம்பிக்கை என்ற சொல் அதைவிட மோசம். விவிலியத்தின் பழைய திருப்புதலில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று இரண்டாவதாக நின்றது, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்று முதலிடத்துக்கு ஏறிவிட்டது. இதையும் அடிக்குறிப்பு போட்டுச் சமாளித்துக்கொள்வேன்.

சிக்கல் 4:4இல். திப்சுகியா என்ற கிரேக்கச் சொல் அங்கே ஏவலாக வருகிறது: 'ஊ திப்சுகேசெய்ஸ்', அதாவது ஆகுமோ ஆகாதோ என்று இரண்டு உள்ளம் கொள்ளாதே. யாக்கோபு 1:8இல் பழைய திருப்புதல் 'இருமனமுள்ளவன்' என்கிறது. அதையே எடுத்துப் போன வாரம் 'இருமனம் கொள்ளாதே' என்று பலகையில் எழுதினேன். பின்வரிசையில் ஒரு பெண் 'இருமனம் இணையும் திருமணம்' என்று மெல்லச் சொன்னாள். அப்புறம் வகுப்பு என் கையில் இல்லை.

வேறு சொல் உண்டா?

ஓலைச்சுவடி, புதன் காலை

அம்மா, கல்யாணப் பத்திரிகைக்காரர்களுக்குப் பயந்து நல்ல சொல்லை விடுவதா? சரி, விடுவதென்றால் அதைவிட நல்ல சொல் ஒன்று அகராதியில் தூங்கிக்கொண்டிருக்கிறது: ஈரொட்டு. உறுதியின்மை, இரண்டில் எதிலும் நிலைக்காத தன்மை. ஈர் + ஒட்டு. ஒட்டு என்றால் பந்தயம் என்றும் பொருள் உண்டு. இரண்டு பக்கமும் பந்தயம் கட்டியவன் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் முழுதாக மகிழ முடியாது. கிரேக்கச் சொல்லில்கூட இத்தனை அழகு இல்லை.

நற்றிணை 284ஐயும் பாருங்கள். காதலியிடம் திரும்பு என்கிறது நெஞ்சு, வினையை முடி என்கிறது அறிவு. நடுவில் அவன் உடம்பு 'களிறு மாறு பற்றிய தேய்புரிப் பழங்கயிறு'. இரண்டு யானை இழுக்கும் நைந்த கயிறு! பாடியவர் பெயரே மறைந்து தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆகிவிட்டார். இந்த நிலைக்குச் சொல் இல்லை என்று தமிழர் யாராவது கேட்கலாமா?

அது இருக்கட்டும், திதாக்கே என்பது என்ன நூல்? கேள்விப்பட்டதில்லை.

நெல்லைக்காரன், புதன் மதியம்

ஐயா, ஈரொட்டு என்று கைபேசியில் அடித்தேன். அது 'ஈரோட்டு' என்று திருத்திக் கொடுத்தது. அச்சகத்திலும் அதுதான் நடக்கும். 'ஈரோட்டு மனம் கொள்ளாதே' என்று நோட்டீஸ் வந்தால் கொங்குநாட்டார் சும்மா விடுவார்களா?

ஓலைச்சுவடி, புதன் மாலை

தம்பி, ஈரோடு என்பது ஈர் ஓடை. பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் என்ற இரண்டு ஓடைகள். ஈர ஓடு என்று பிரமன் மண்டையோட்டுக் கதை சொல்வோரும் உண்டு. ஆக அந்த ஊரிலும் 'இரண்டு' உண்டு…

மட்டுறுத்துநர்

ஈரோட்டின் பெயர்க்காரணத்துக்குத் தனி இழை திறக்கவும். இங்கே வேண்டாம்.

குறுந்தாள், புதன் இரவு

ஓலைச்சுவடி ஐயா கேட்டதற்கு: திதாக்கே, அதாவது 'பன்னிரு திருத்தூதர் போதனை', தொடக்ககாலச் சபையின் ஒழுக்கக் கையேடு. 'வழிகள் இரண்டு, ஒன்று வாழ்வுக்கு, ஒன்று சாவுக்கு' என்று தொடங்கும். யாருக்கு எப்படிக் கொடுப்பது, எந்தெந்த நாள் நோன்பு (புதனும் வெள்ளியும்), ஓடும் நீர் கிடைக்காவிட்டால் திருமுழுக்கை எப்படிக் கொடுப்பது, மூன்று நாள் தங்கிச் சாப்பிடும் இறைவாக்கினரை என்ன செய்வது என்று எல்லாம் அன்றாட விஷயம். நூல் பல நூற்றாண்டுகள் காணாமல் கிடந்தது. 1056இல் எழுதிய ஒரு படியை 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிரியென்னியோஸ் கண்டெடுத்து, 1883இல் பதிப்பித்தார். தரங்கம்பாடிக்காரர்களும் ஃபப்ரிசியுஸும் விவிலியத்தைத் தமிழாக்கிய காலத்தில் இது யார் கையிலும் இல்லை. அவர்கள் விட்டுப்போன சொல்லைத் தேடிப் பயனில்லை.

டீச்சர், உங்கள் சிக்கல் ஒரு சொல்லோடு முடியாது. அந்த ஆறு அதிகாரத்துக்குள் 'இரண்டு' எத்தனை முறை வருகிறது என்று எண்ணினீர்களா? 2:4இல் திக்னோமோன், அதாவது இரு கருத்தன். அதை ஒட்டியே திக்லோசோஸ், இருநாக்கன். 4:4இல் உங்கள் ஆள். 5:1இல், சாவின் வழிப் பட்டியலில், திப்ளோகர்தியா, இரட்டை இதயம். போதாதற்கு 4:7இல் 'கொடுக்கத் தயங்காதே' என்று தனி வினைச்சொல். ஆகவே 'தயக்கம்' என்று தப்பிக்கவும் வழியில்லை. தொடக்கச் சபை எழுத்தாளர் ரோமாபுரி கிளெமந்து, உப்புத்தூணான லோத்தின் மனைவியைச் சொல்லும்போது இருமனத்தாரையும் தயங்குவோரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறார். இரண்டும் ஒன்றென்றால் அவர் இரண்டு சொல் செலவழித்திருக்க மாட்டார்.

நெல்லைக்காரன், வியாழன் காலை

அக்கா, இரட்டை இதயத்துக்கு ஊரிலேயே சொல் இருக்கிறதே. 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே' என்று எங்கள் ஆச்சி சொல்லும். இரண்டு + அகம். உங்கள் திப்சுகியாவும் அதுதானே?

ஓலைச்சுவடி, வியாழன் காலை

ஆகா! ஆனால் தம்பி, அந்தப் பழமொழியில் அகம் உள்ளமா, வீடா? 'உண்ட வீட்டுக்கு' என்று வீடு முன்னாலேயே நிற்கிறது. ஒரு வீட்டில் தின்று இன்னொரு வீட்டுக்கு உழைப்பவனின் இரண்டு வீடுதான் இரண்டகம் என்பது என் நெடுநாள் எண்ணம். அகம் என்பது உள்ளம், வீடு, உள்ளிடம், காதல் ஒழுக்கம் என்று நாலு பக்கமும் கிளைக்கிற சொல். அகநானூறு 12இல் கபிலர் 'இருதலைப் புள்ளின் ஓருயிர்' என்கிறார். தலை இரண்டு, உயிர் ஒன்று. உங்கள் கிரேக்கனுக்குத் தலை ஒன்று, உயிர் இரண்டு. இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம்.

எழுத்தாணி, வியாழன் மதியம்

ஐயா, கட்டுரை அடுத்த மாதம். எனக்கு நாளைக்குள் சொல்.

குறுந்தாள், வியாழன் இரவு

இரண்டகம் அருமையான சொல். 5:1க்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெளிவேடம், இரட்டை இதயம், வஞ்சகம் என்று வரிசையாக வருகிறது. இரண்டகம் அந்தக் கூட்டத்தில் பொருத்தமாக உட்காரும்.

4:4க்கு வேண்டாம். காரணம் எர்மாஸ் எழுதிய 'மேய்ப்பர்' என்ற தொடக்கச் சபை நூல். திப்சுகியாவை அதிகம் பேசியவர் அவர்தான். ஒன்பதாம் கட்டளை முழுக்க அதைப் பற்றியது. கேட்டால் கிடைக்குமா என்று தடுமாறுவதை அவர் அலகையின் மகள் என்றே திட்டுகிறார். ஆனால் எட்டாம் உவமையைப் படியுங்கள். ஒரு பெரிய மரத்தின் கொம்புகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிப் பார்க்கிறார்கள். இருமனத்தார் கொடுப்பது பாதி காய்ந்த கொம்பு. உயிரோடும் இல்லை, சாகவும் இல்லை. மேய்ப்பர் அந்தக் கொம்புகளைத் தூக்கி எறிவதில்லை. மண்ணில் நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார், பல துளிர்க்கின்றன. இரண்டகம் செய்தவனை நம் ஊரில் யாரும் நட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. துரோகி என்றால் கதை முடிந்தது. திப்சுகோஸ், அதாவது இருமனத்தான், இன்னும் மீளக்கூடியவன். மீட்பு என்ற பேச்சே அங்கேதான் இருக்கிறது.

பழைய திருப்புதலிலும் இந்தக் குழப்பம் உண்டு. சங்கீதம் 12:2இல் ஏமாற்றுக்காரர் 'இருமனதாய்ப் பேசுகிறார்கள்'. யாக்கோபில் தடுமாறுபவனும் 'இருமனமுள்ளவன்'.

ஓலைச்சுவடி, வெள்ளி காலை

கொம்பு என்றதும் கவை நினைவுக்கு வந்தது. கிளை பிரியும் இடம். கவைமனம்! ஒரே அடி, இரண்டு கிளை.

நெல்லைக்காரன், வெள்ளி காலை

கவைக்குதவாத யோசனை ஐயா. கோபித்துக்கொள்ள வேண்டாம். சும்மா ஊசலாட்டம் என்று போட்டால் என்ன? பஸ்ஸில் வருகிறவருக்கும் புரியும்.

எழுத்தாணி, வெள்ளி மதியம்

ஊசலாட்டம் எனக்கும் பிடித்தது. ஆனால் அதில் 'இரண்டு' இல்லை. வகுப்பில் நான் காட்ட நினைப்பதே இந்த இரண்டுகளின் வரிசையைத்தான். திப்சுகியாவைக் கிரேக்கத்திலேயே விட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் தனி மடலில் சொன்னார். பாதிரியும் குருசும் தமிழில் நிற்கவில்லையா என்கிறார். நிற்கின்றன, ஆனால் அவை ஆளும் பொருளும். ஒருவரைப் பார்த்து 'திப்சுகியா கொள்ளாதே' என்று எப்படிச் சொல்வது? திதாக்கேயில் அது பெயர்ச்சொல்லாக வரவில்லை, ஏவலாக வருகிறது.

அங்கிருந்துதான் தோன்றியது. கவலைப்படு, ஆசைப்படு போல இருமனப்படு. 'ஆகுமோ ஆகாதோ என்று இருமனப்படாதே.' பெயர்ச்சொல் இருமனப்பாடு. திருமணம் ஒட்டவில்லை, யாக்கோபின் பழைய சொல்லும் உள்ளே இருக்கிறது.

குறுந்தாள், வெள்ளி மாலை

எனக்குச் சம்மதம். ஆனால் எதற்கு இருமனப்படக் கூடாது என்று 4:4 சொல்வதில்லை. முன்வரி நேர்மையாகத் தீர்ப்பிடு என்கிறது. அடுத்த வரி, வாங்கக் கையை நீட்டிக் கொடுக்கக் கையை மடக்காதே என்கிறது. நான்காம் நூற்றாண்டுத் திருத்தூதர் ஒழுங்குமுறைகள் என்ற தொகுப்புதான் 'உன் வேண்டுதலில்' என்று சேர்த்தது. நீங்கள் எதையும் சேர்க்காதீர்கள்.

நெல்லைக்காரன்

சம்மதம் அக்கா. வேறு வழியும் இல்லை, மணி ஆறு.

ஓலைச்சுவடி, வெள்ளி இரவு

எனக்குச் சம்மதமில்லை. இருமனப்பாடு என்று படிக்கும்போது 'இரு மனப்பாடம்' என்றே கண் ஓடுகிறது. இரண்டு பாடத்தை உருப்போட்டவன் மாதிரி. என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.

எழுத்தாணி, ஞாயிறு

வகுப்பு முடிந்தது. இருமனப்படாதே என்றபோது யாரும் சிரிக்கவில்லை. இரண்டகத்துக்கு ஒரு பெரியவர் தன் பங்காளி ஒருவரைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். இருநாக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2:4இன் திக்னோமோனுக்கு மட்டும் சொல் கிடைக்காமல் கோடிட்டு விட்டிருந்தேன். அச்சுப்பிழை என்று நினைத்துப் பேனாவால் ஆளுக்கொன்று நிரப்பியிருக்கிறார்கள். ஒருவர் 'மதில்மேல் பூனை' என்று எழுதியிருந்தார்.

ஓலைச்சுவடி, ஞாயிறு இரவு

அந்த இடத்துக்குத்தான் ஈரொட்டு. பேனாவை எடுங்கள்.