பார்ஷியல் லாட்டரி: ‘குடவோலைத் தெரிவு’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆய்வு மாநாடுகள் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தமிழ்ச் சொல் தேடும் பட்டியலில் பெரும்பாலானவை முடிந்துவிட்டன. பாக்கி நிற்பது ‘பார்ஷியல் லாட்டரி’ (partial lottery). பட்டியலில் ‘பகுதிக் குலுக்கல்’ என்று இருக்கிறது. எனக்கு அது பொருந்தவில்லை. முறை என்னவென்று முதலில் பேசிவிட்டு, அப்புறம் சொல்லுக்கு வருகிறேன்.

செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கான நியூரிப்ஸ் (NeurIPS) மாநாட்டுக்கு 2014இல் வந்த கட்டுரைகள் 1,678. 2025இல் 21,575. அனுபவமுள்ள மதிப்பாய்வாளர்கள் அந்த வேகத்தில் உருவாகிவிட முடியாது. ஆகவே கட்டுரை அனுப்பியவர்களையே மதிப்பாய்வுக்கும் பிடித்துப் போடுகிறார்கள். தன் முதல் கட்டுரையே இன்னும் வெளிவராத மாணவர் அடுத்தவர் கட்டுரைக்கு மார்க் போட வேண்டியிருக்கிறது.

2014இலேயே அந்த மாநாட்டை நடத்தியவர்கள் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். 166 கட்டுரைகளை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு கட்டுரைக்கு இரண்டு குழுவும் வேறு வேறு முடிவு சொன்னது. ஏற்கப்படுபவை மொத்தத்திலேயே கால்வாசிதான் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேல் மற்ற குழுவிடம் அடிபட்டுப் போயின. 2021இல் மறுபடி செய்தார்கள். நிலைமை பெரிதாக மாறவில்லை. மிக நல்லதையும் மிக மோசத்தையும் பிரிப்பது அவ்வளவு சிரமமில்லை. நடுவில் கிடக்கும் பெருங்கூட்டத்தில்தான் தடுமாற்றம்.

காலாப்பட்டில் எங்கள் ஆய்வு மாணவி ஒருவரின் கட்டுரைக்கு 7, 6, 4 என்று மதிப்பெண் வந்தது. நாலு போட்டவர் எழுதியிருந்தது ஒன்றரை வரி: புதுமை போதாது, ஒப்பீடு போதாது. எதோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. விளிம்பு நிலை என்று குறித்து நிராகரித்தார்கள். அதே கட்டுரை வேறொரு மாநாட்டுக்குப் போய் இன்னும் மூன்று பேருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது. இப்படிச் சுற்றி வரும் கட்டுரைகளும் சேர்ந்துதான் ஒவ்வோர் ஆண்டும் குவியலை உயர்த்துகின்றன.

இதற்கு முன்வைக்கப்படும் வழிதான் நம் சொல்லுக்குரிய பொருள். தெளிவாகத் தேறியதை ஏற்றுக்கொள், தேறாததைத் தள்ளு, மதிப்பெண்ணால் பிரிக்க முடியாத நடுப்பகுதிக்குச் சீட்டு எடு. ஆய்வு நல்கையில், அதாவது ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதில், இது நடைமுறைக்கு வந்துவிட்டது. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வுக் குழு 2013இல் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளை முதலில் சோதித்துப் பார்த்து, 2021இல் தன் எல்லாத் திட்டங்களுக்கும் கொண்டுவந்தது. மாநாடுகளுக்கும் இது வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரிக்க முடியாததைப் பிரித்துவிட்டதாக ஒரு காரணம் எழுதி அனுப்புவதைவிட இது நேர்மையானது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையும் இதே அமைப்புதான். முதலாம் பராந்தகன் காலம், பொ.ஆ. 919, 921. முதலில் தகுதி: வயது, நிலம், கல்வி. பிறகு விலக்கு: முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர்கள், கணக்குக் காட்டாதவர்கள், அப்படிக் காட்டாதவர்களின் நெருங்கிய உறவினர்கள் ஆகியோர் பெயர் ஏறாது. அதற்குப் பிறகுதான் ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும் (வார்டுகளிலிருந்தும்) பெயர் எழுதிய ஓலைகள் குடத்துக்குப் போகும். சபை முழுதும் பார்த்திருக்க, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். நடுவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசிப்பார். விரலை ஏன் விரிக்க வேண்டும்? உள்ளே வேறு ஓலை ஒளித்து வைக்கவில்லை என்று எல்லாரும் பார்க்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைய மாநாட்டுக் குழுக்களிடம் நாம் கேட்கும் வெளிப்படைத்தன்மை அந்தக் கையில் இருக்கிறது.

தகுதி, விலக்கு, சீட்டு மூன்றும் அடங்கிய சொல் நம்மிடம் இருக்கும்போது ‘பகுதி’ என்று மொழிபெயர்ப்பானேன்? ‘குடவோலைத் தெரிவு’ என்று முன்மொழிகிறேன்.

அன்புடன்,
காலாப்பட்டு, புதுச்சேரி

*

ஐயா, வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன்.

முறையை ஏற்கிறேன். சொல்லில்தான் இரண்டு தயக்கம். உள்ளாட்சித் தேர்தலில் இருவருக்குச் சம ஓட்டு விழுந்தால் குலுக்கல் முறையில்தான் முடிவு. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் இடம் கேட்டு அதிகம் பேர் வந்தாலும் குலுக்கல்தான். ஜனங்கள் வாயில் இருக்கும் சொல்லை ஏன் விட வேண்டும்?

இரண்டாவது கொஞ்சம் கனமானது. உத்திரமேரூர் சபை பிராமணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்கள்தான் அந்தக் குடத்துக்குள் போனார்கள். எல்லாருக்கும் வாய்ப்பு என்று நாம் பேசும் முறைக்கு அந்தப் பெயரா? ‘தகுதிக் குலுக்கல்’ என்றால் பொருளும் வருகிறது, அந்தச் சுமையும் இல்லை.

*

அன்புள்ள அம்மா,

இரண்டாவது தயக்கம் நியாயமானது. அகராதிக் குறிப்பில் நீங்கள் சொன்னதை அப்படியே சேர்க்க வேண்டும். ஆனால் அந்த ஊருக்கு மட்டும் உரிய வழக்கமென்று இதை எண்ண வேண்டாம். அகநானூறு 77ஆம் பாடலிலேயே, கயிற்றால் கட்டிய குழிசியிலிருந்து (பானையிலிருந்து) ஓலை எடுக்கிறவர்கள் வருகிறார்கள். வழக்கம், உத்திரமேரூர் போல் பிராமணருக்குக் கொடையாகத் தரப்பட்ட பிரமதேய ஊர்களுக்கு முந்தியது.

குலுக்கல் பற்றி. சம ஓட்டு என்பது எண்ணிக்கையிலேயே சமம், யாரும் தீர்மானிக்க வேண்டியதில்லை. இங்கே 6.1 வாங்கிய கட்டுரையும் 6.0 வாங்கிய கட்டுரையும் சமம் என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுக்கிறது. எந்த இடத்தில் கோடு போடுவது என்பதில்தான் பொறுப்பெல்லாம். வெறும் குலுக்கல் அதைச் சொல்லாது. உங்கள் ‘தகுதிக் குலுக்கல்’ சொல்கிறது. எனவே இப்படி வைத்துக்கொள்ளலாமா? முழு முறைக்குக் ‘குடவோலைத் தெரிவு’. செய்தித்தாளிலும் மாணவர் கையேட்டிலும் ‘தகுதிக் குலுக்கல்’. சீட்டெடுக்கும் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் ‘குலுக்கல்’. நடுப்பகுதிக் கட்டுரைகளின் தொகுப்பு ‘குடவோலைப் பட்டியல்’. எழுதிப் பார்த்தேன்: “கட்டுரை குடவோலைப் பட்டியலில் இருந்தது, குலுக்கலில் வரவில்லை.” தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

இன்னொரு சொல்லும் உடனே தேவைப்படும். பட்டியலில் இருந்தும் சீட்டு விழாத கட்டுரைக்கு, தகுதி பெற்றது என்று எழுத்தில் ஏதாவது கொடுக்க வேண்டும். அடுத்த மாநாடு அதை ஏற்று, முதலிலிருந்து மதிப்பாய்வு செய்யாமல் விட்டால் பாதி சுமை இறங்கும். அதற்கு ‘தேறுநிலைச் சான்று’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.