உச்சிப்புளி – பலாலி: வான்வழியில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

உச்சிப்புளிப் பேரன்
எங்கள் வீடு கடற்படை விமானத் தளத்துக்குப் பக்கத்தில். அப்பத்தாவுக்கு 79 வயது. விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்க்கும். போன வாரம், "இதுல ஏறுனா அக்கா வீட்டுக்கு எம்புட்டு நேரம்யா ஆகும்?" என்று கேட்டது. அப்பத்தாவின் அக்காவை 1962ல் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கட்டிக்கொடுத்தார்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றிவிட அப்பத்தாவும் போயிருக்கிறது. அக்கா கடைசியாக இங்கே வந்தது 1981ல். இந்தத் தளத்தில் நாம் ஏற முடியாது என்று தெரியும். ஆனாலும் கேட்டதற்குச் சரியான கணக்குச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பாம்பன் கரை
தம்பி, போட்டுல ஜி.பி.எஸ். வைச்சிருக்கிற நமக்கு இது எளிது. உச்சிப்புளித் தளம் ஏறத்தாழ 9 பாகை (டிகிரி) 19 கலை (பாகையில அறுபதுல ஒரு பங்கு) வடக்கு, 78 பாகை 58 கலை கிழக்கு. சுன்னாகத்துக்குப் பக்கத்துல இருக்கிற யாழ்ப்பாண விமான நிலையம் பலாலி, அது 9-47, 80-04. வடக்கே 28 கலை, கலைக்கு ஒரு கடல் மைல், அதாவது 28 கடல் மைல். கிழக்கே 66 கலை, ஆனா நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகக் கிழக்கு-மேற்குக் கலை சுருங்கும், நம்ம அட்சரேகையில அது 65 மைல்தான். ரெண்டையும் வர்க்கம் பண்ணிக் கூட்டி மூலம் எடுத்தா 71 மைல் வரும். ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர், ஆக 131 கிலோமீட்டர். நம்ம ஊர்ல இருந்து மதுரைக்கு ரோட்டுல போற தூரம்தான்! அந்தக் கோட்டுல பறந்தா கச்சத்தீவும் நெடுந்தீவும் வலப்பக்கம் வரும். காரைநகர்ப் பக்கமாத்தான் யாழ்ப்பாணத்துக்குள்ள நுழையும்.

திருச்சி பயணி
ஏ.டி.ஆர். 72 மாதிரிச் சின்ன விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. போகும். அந்தக் கணக்கில் 131 கி.மீ.க்கு 16 நிமிடம். ஆனால் ஏற்றம், இறக்கம், ஓடுபாதைக்கு நேராக வளைந்து வருவது எல்லாம் சேர்த்தால் அரை மணி என்று அப்பத்தாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, அவரைக் கூட்டிக்கொண்டே போகலாமே! திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2025 மார்ச் 30ல் நேரடி விமானம் தொடங்கினார்கள். நேர்கோட்டில் 184 கி.மீ., பயணம் ஒரு மணி நேரத்துக்குள். நான் போய்வந்தேன். அதிராம்பட்டினம் பக்கம் கரை தாண்டியதும் தண்ணீர்தான். அதுவும் ஏ.டி.ஆர்.தான், இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கடல் தெரியும். ஏறும் கதவு வால் பக்கம், அதனால் பின்வரிசையில் சீட்டுக் கேளுங்கள், வயதானவர் அதிகம் நடக்க வேண்டாம். சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட் இருக்கிறதா?

உச்சிப்புளிப் பேரன்
பாம்பன் அண்ணே, திருச்சி அண்ணே, ரொம்ப நன்றி. அரை மணி என்றதும் அப்பத்தா, "சோறு வெந்து வடிக்கிறதுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பாஸ்போர்ட் இல்லை. பிறந்த சான்றும் கிடையாது, ஆதாரில் பிறந்த வருடம் மட்டும்தான் இருக்கிறது. இந்த வயதில் முதல் முறை எடுப்பவர்களுக்கு என்னென்ன காகிதம் கேட்கிறார்கள்? அண்மையில் வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்கே தொடங்கிவிடுகிறேன்.