‘வானொலி வெடிப்பு’ வேண்டாம், ‘ரேடியோச் சீறல்’ எப்படி?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சூரியன் திடீரென உமிழும் ரேடியோ அலைகளுக்கு (ஆங்கிலத்தில் radio burst) இங்கே ஐயா ஒருவர் தமிழ்ப் பெயராக முன்வைத்த ‘வானொலி வெடிப்பு’ பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். மனம் ஒப்பவில்லை. சூரியனில் திடீரென ஆற்றல் பீறிடும் ஃபிளேரையே (flare) நாம் ‘சுடர்வெடிப்பு’ என்கிறோம். அப்புறம் ‘வெடிப்பிலிருந்து வெடிப்பு கிளம்பியது’ என்றுதான் எழுத வேண்டிவரும்.

உண்மையில் இந்த அலை வெடித்துப் பிறப்பதில்லை. முறுக்கேறிய காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது எலக்ட்ரான்கள் முடுக்கப்படுகின்றன. (‘மின்னணு’ எலக்ட்ரானிக்ஸுக்குப் போய்விட்டதால் எலக்ட்ரானே இருக்கட்டும், ஈழத்து நண்பர்கள் இலத்திரன் என்று எழுதலாம்.) அவற்றில் ஒரு கற்றை, ஒளிவேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வரையான வேகத்தில் வெளியே பாய்ந்து, வழியிலுள்ள பிளாஸ்மாவை (மின்னேற்றத் துகள்களாலான சூடான வாயுவை) உலுக்குகிறது. அந்த அதிர்விலிருந்துதான் ரேடியோ அலை வருகிறது. ஒரு கன சென்டிமீட்டரில் 10 கோடி எலக்ட்ரான் இருந்தால் பிளாஸ்மாவின் அதிர்வெண் சுமார் 90 மெகாஹெர்ட்ஸ். 10 லட்சமாகக் குறைந்தால் 9 மெகாஹெர்ட்ஸ். கற்றை மேலே ஏற ஏற அடர்த்தி குறையும், அதிர்வெண்ணும் மளமளவென்று இறங்கும்.

இதைச் சிற்றலை வாங்கியில் பிடித்த ஒலிப்பதிவைக் கேட்டிருக்கிறேன். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போலச் ‘சுர்ர்’ என்று எழும்பி, மெல்ல அடங்குகிறது. 1942 பிப்ரவரியில் பிரிட்டன் ராணுவத்தின் ரேடார்களை இந்த இரைச்சல்தான் குழப்பியது. எதிரியின் வேலையோ என்ற சந்தேகம் எழுந்தது. சூரியன்தான் காரணம் என்று கண்டுபிடித்தவர் பிரிட்டன் இயற்பியலாளர் ஜே. எஸ். ஹே.

அதனால் என் பரிந்துரை ‘சீறல்’. வாங்கியில் கேட்கும் ஒலியும் அதுதான், எலக்ட்ரான்கள் சீறிப் பாய்வதும் அதுதான். ஒரே சொல்லில் இரண்டும் அடங்குகின்றன.

வகைப் பெயர்களும் இதிலிருந்தே கிளைக்கும். 1950-இல் ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் பால் வைல்டும் மெக்கிரீடியும் இந்த அலைகளை வகைபிரித்து I, II, III என்று வெறும் எண்ணிட்டார்கள். சில நொடிகளில் அதிர்வெண் சரசரவென இறங்கும் மூன்றாம் வகையை ‘விரைவிறக்கச் சீறல்’ எனலாம். அதிர்ச்சி அலை முடுக்கும் எலக்ட்ரான்களால் வரும் இரண்டாம் வகை, நிமிடக்கணக்கில் நிதானமாக இறங்கும். அது ‘மெல்லிறக்கச் சீறல்’.

‘ரேடியோ’வுக்குப் பதில் ‘கதிரலை’ போடலாமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. எக்ஸ் கதிரோடு குழம்பும் என்று அஞ்சுகிறேன். பாடநூலில் வந்தால் இப்படி இருக்கும்: ‘சுடர்வெடிப்பு தொடங்கிய சில நொடிகளில் விரைவிறக்கச் சீறல் பதிவானது.’ வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.