வலி நின்றதும் மறந்துபோகும் சொத்தைப் பல்

அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். பல்வலி என்று லீவு லெட்டர் வருவது அபூர்வம், காய்ச்சல் என்றுதான் எழுதுவார்கள். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கவனித்தால் தெரிந்துவிடும்: ஒரு பக்கமாகவே மெல்லும் பையன்கள், தண்ணீர் குடித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொள்பவர்கள், கையால் வாயை மறைத்துச் சிரிக்கும் பெண்பிள்ளைகள்.

போன வருடம் என் வகுப்பில் ஒருவனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. எட்டாவதிலேயே குழி விழுந்திருக்கிறது. வலித்தால் கிராம்பைக் கடித்துக்கொள்வான், ராத்திரி தாங்காவிட்டால் அம்மா மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தருவார். அப்புறம் வலி தானாக நின்றுவிட்டது, வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. திருப்புதல் தேர்வு சமயத்தில் தாடைக்கு அடியில் வீங்கி, வாயைச் சரியாகத் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கவே திணறிக்கொண்டு வந்து நின்றான். அவன் அப்பாவை வரச்சொல்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். உடனே அட்மிட் செய்து, சீழை வடித்து, டிரிப்ஸில் ஆன்டிபயாடிக் ஏற்றி, கடைசியில் பல்லை எடுத்தார்கள். "பால் பல்லுதானே சார், விழுந்து முளைச்சிடும்னு இருந்துட்டோம்" என்றார் அப்பா. பையனுக்குப் பதினைந்து வயது.

*

சார், நான் பல் டாக்டர். அந்த அப்பாவைக் குறை சொல்லவே மாட்டேன், இதே பேச்சை ஓ.பி.யில் அடிக்கடி கேட்கிறேன். ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்துவிடும், அதனால் வீட்டில் அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். மேலே ஆழமான பள்ளங்கள் உள்ள பல் அது, இனிப்பு அதில் தங்கினால் கிருமிகள் அதை அமிலமாக்கி எனாமலைக் கரைத்துவிடும். டீன் ஏஜில் பிடுங்க வேண்டி வருவது பெரும்பாலும் இந்தப் பல்தான்.

வலி தானாக நின்றது குணமானதால் இல்லை, உள்ளே நரம்பு செத்துவிட்டது. கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும்போது பல சமயம் வலி இருக்காது, அதனால்தான் யாரும் வருவதில்லை. உங்கள் மாணவனுக்கு வந்ததுபோன்ற வீக்கம் நாக்குக்கு அடியில் இரண்டு பக்கமும் பரவி மூச்சை அடைத்தால் உயிருக்கே ஆபத்து, லுட்விக் ஆஞ்சைனா என்போம். குழி சிறிதாக இருக்கும்போதே வந்திருந்தால் ஒரே சிட்டிங்கில் அடைத்து அனுப்பியிருப்போம். நரம்பு வரை போனால் ரூட் கெனால், கேப் என்று பலமுறை வர வேண்டும், வெளியில் செய்தால் ஆயிரக்கணக்கில் ஆகும், முடியாதவர்கள் "பிடுங்கிடுங்க டாக்டர்" என்றுவிடுகிறார்கள். பிடுங்கி அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயும், மேல் பல் இறங்கும். அந்தப் பையனை மறுபடி ஒருமுறை பல் பிரிவுக்கு அனுப்புங்கள் சார்.

*

நான் பள்ளிகளுக்குப் போகும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவில் நர்ஸ். 2013-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் நாங்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளில் பற்சொத்தையும் உண்டு. டார்ச் அடித்துப் பார்க்கிறோம், பரிந்துரைச் சீட்டு எழுதித் தருகிறோம். அடுத்த முறை போனால் அதே சீட்டு அதே புத்தகப் பைக்குள் மடங்கிக் கிடக்கிறது. அம்மாவோ அப்பாவோ ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும், வலியும் இல்லாதபோது யார் வருவார்கள்? அது அவர்கள் அலட்சியம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

நாங்கள் போகும் ஒரு பள்ளியில் ஒரு டீச்சர் சீட்டு வாங்கிய பிள்ளைகளின் பெயரை நோட்டில் எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு சனிக்கிழமை காலையில் வேன் பிடித்து மொத்தமாகக் கூட்டி வந்துவிட்டார். முன்கூட்டியே பல் பிரிவில் பேசி வைத்திருந்ததால் டோக்கனுக்கு அலைச்சலில்லை, பாதிப் பேருக்கு அன்றைக்கே அடைத்துவிட்டார்கள். வேன் வாடகை பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கொடுத்தது. சார், உங்கள் பள்ளியில் செய்வதாக இருந்தால் சொல்லுங்கள், எங்கள் டாக்டரிடம் பேசித் தேதி வாங்கித் தருகிறேன்.