வெயிலில் நடுங்கிய கைகள்

உளமருத்துவப் பயிற்சிக்காக வன்னியிலுள்ள வைத்தியசாலை ஒன்றுக்கு நான் சென்றது சிறுபோக அறுவடைக் காலத்தில். வெயில் வழமையைவிடக் கடுமையாக இருந்தது. சோளகக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்ததே தவிர, வெக்கையைத் தணிக்கவில்லை.

கிளினிக்குக்கு வருபவர்களில் பலர் “கனக்க யோசிக்கிறன்”, “உடம்பெல்லாம் எரியுது” என்றே தொடங்குவார்கள். 2009இல் போர் முடிந்த மண்ணில் இச்சொற்களுக்குப் பின்னால் இழப்பு இருக்கும் என்று கற்றிருந்தேன். அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் எல்லாவற்றையும் மனத்தின் மொழியாகவே கேட்கப் பழகியதால், உடல் சொன்னதை ஒரு நாள் தவறவிட்டேன்.

மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்காகப் பல ஆண்டுகளாக லித்தியம் என்ற மருந்தை எடுத்துவந்த விவசாயி ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். இரு கைகளும் நன்றாக நடுங்கின. பேச்சு சற்றுக் குழறியது. “பிள்ளை, இவர் நெல்லு விலையை நினைச்சுப் பயந்துபோனார்” என்றார் மனைவி. நானும் அதை நம்பிப் பதற்றம் என்று எழுதிவிட்டேன். குறிப்பைப் படித்த வைத்திய நிபுணர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நோயாளியைச் சில அடி நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “ஐயா, இந்தக் கிழமை வெயிலுக்குள்ள என்ன வேலை செய்தனீங்கள்? எவ்வளவு தண்ணி குடிச்சனீங்கள்?” என்று மட்டும் கேட்டார்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான்கு நாட்களாக வீதியோரத்தில் நெல்லைக் கொட்டிக் காயவிட்டு, மதியத்திலும் கிளறியிருக்கிறார். நாரிப் பிடிப்புக்குக் கடையில் டைக்குளோபெனாக் குளிசை வாங்கிப் போட்டிருக்கிறார். முதல்நாளிலிருந்து வயிற்றோட்டமும் இருந்திருக்கிறது. லித்தியம் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. வியர்வையிலும் வயிற்றோட்டத்திலும் நீரும் உப்பும் குறையும்போது, சோடியத்தைத் தக்கவைக்க முயலும் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கிறது. அந்த வலிக்குளிசை அதன் வெளியேற்றத்தை மேலும் குறைக்கிறது. இரத்தத்தில் வழமையாக லீற்றருக்கு 0.6க்கும் 1.0 மில்லிமோலுக்கும் இடையில் வைத்திருக்க விரும்பும் லித்தியத்தின் அளவு, அவருக்கு 1.5ஐத் தாண்டியிருந்தது. கைகள் நடுங்கியது பதற்றத்தால் அன்று, அதனால்தான். மருந்தை நிறுத்தி, விடுதியில் அனுமதித்துச் சேலைன் ஏற்றினார்கள்.

வவுனியா போன்ற, சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டும் இடங்களில் இக்கேள்விகள் இன்னும் அவசியமானவை என்று நினைக்கிறேன். லித்தியம் மட்டுமன்று: குளோர்புரோமசின் போன்ற மனநோய் மருந்துகளால் வரும் நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்செக்சோல் வியர்வையைக் குறைத்து உடற்சூட்டைக் கூட்டும், குளோர்புரோமசின் எடுப்பவரின் தோலை வெயில் எளிதில் சுட்டுவிடும். வயலில் நிற்பவருக்கு இவற்றை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அவர் வீடு திரும்பும் நாளில் மனைவி தயங்கியபடி, “அப்ப வெயில் காலத்தில இந்தக் குளிசையை விட்டிடலாமோ?” என்று கேட்டார். தாமாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும் என்றும், உப்பைத் திடீரெனக் குறைக்க வேண்டாம் என்றும், வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் அன்றே வரவேண்டும் என்றும் சொன்னேன். அவர் கிளினிக் கொப்பியை நீட்டி, “இதில எழுதித் தாங்கோ பிள்ளை, மருந்துக்கடைக்காரருக்கும் காட்டவேணும்” என்றார். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.