டெபியன் 13க்கு மாறியதும் டோவ்காட் கிளம்பவில்லை, மெயில் எல்லாம் கியூவில் தேங்கி நிற்கிறது: உதவி தேவை

வாஷிக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். நவி மும்பை வாஷியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்கு மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். வாடகை விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்றில் டெபியன் 12 லினக்ஸ், அதன் மேல் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்ததைப் பயனர்களின் பெட்டியில் போட்டுக் காட்டும் டோவ்காட்டும். நேற்று ராத்திரி டெபியன் 13க்கு ஏற்றினேன். கான்ஃபிக் கோப்புகளைப் பற்றிக் கேட்ட இடத்தில் பழையதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ரீபூட்டுக்கு அப்புறம் டோவ்காட் கிளம்பவே இல்லை. கோப்பின் முதல் செட்டிங் டோவ்காட்_கான்ஃபிக்_வெர்ஷனாக இருக்க வேண்டும் என்கிறது. பழைய கோப்பில் அப்படி ஒரு வரியே கிடையாது.

போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் மெயிலை வாங்குகிறது, ஆனால் பெட்டியில் போட முடியாமல் ஒவ்வொன்றையும் டெஃபர் செய்கிறது, அதாவது பிறகு முயல்வதற்காகக் கியூவில் (காத்திருப்பு வரிசையில்) வைக்கிறது. லாக் முழுக்க பிரைவேட்/டோவ்காட்-எல்எம்டிபி, நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி. போஸ்ட்ஃபிக்ஸ் டோவ்காட்டிடம் மெயிலை ஒப்படைக்கும் வழிதான் அந்த எல்எம்டிபி. மெயில் அனுப்பும் போர்ட்டான 587இல் பாஸ்வேர்டு சரிபார்ப்பதும் டோவ்காட்தான் என்பதால் அலுவலகத்தில் யாராலும் மெயில் அனுப்பவும் முடியவில்லை.

நாவா சேவா துறைமுகத்தில் எங்கள் பார்ட்டிகளின் கண்டெய்னர்கள் நிற்கின்றன. ஷிப்பிங் லைனிலிருந்து டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் கடிதம்) மெயிலில்தான் வரும். ஃப்ரீ டேஸ் (கட்டணமில்லாத நாட்கள்) தாண்டினால் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஏறும். வந்த மெயில் இருக்கிறதா, போய்விட்டதா என்று முதலாளி கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்கிரேடுக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் முழு நகல்) கையில் இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டுவிடலாமா?

மாட்டுங்கா டெர்மினல்:
ஸ்னாப்ஷாட் இருந்தால் போட்டுவிடுங்கள் நண்பரே. பத்து நிமிட வேலை, அலுவலகம் ஓடும். அப்கிரேடை ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய போஸ்ட்மாஸ்டர்:
வாஷிக்காரன், தயவுசெய்து ஸ்னாப்ஷாட்டைத் தொடாதீர்கள். நேற்று ராத்திரியிலிருந்து உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கிய ஒவ்வொரு மெயிலுக்கும் 250, அதாவது பெற்றுக்கொண்டேன், என்று பதில் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்ன நொடியிலிருந்து அந்த மெயிலுக்கு நீங்கள்தான் பொறுப்பு. அனுப்பிய சர்வர் தன் கியூவிலிருந்து அதை எடுத்துவிடும். இப்போது அவை வழியில் நிற்கும் ஒரே இடம் உங்கள் வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ். ஸ்னாப்ஷாட்டைத் திருப்பினால் டிஸ்க் நேற்றைய நிலைக்குப் போய்விடும், அத்தனையும் காலி. அனுப்பியவருக்குப் பவுன்ஸும் (சேரவில்லை என்று திரும்பும் மெயில்) போகாது. போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். டெலிவரி ஆர்டருக்காகக் காத்திருக்கும் அலுவலகத்தில் இதைவிட மோசமான நிலை கிடையாது.

மெயில் பத்திரமாக இருக்கிறது என்று முதலாளியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாள் வைத்திருந்து முயற்சி செய்யும். டோவ்காட் செத்துக் கிடக்கும்வரை பயமில்லை. அது அரைகுறையாக எழும்போதுதான் ஆபத்து. யூசர் பட்டியலைச் சரியாகப் படிக்காமல் எழுந்தால் எல்எம்டிபி 550 சொல்லும், அப்படி ஒரு யூசரே இல்லை என்று. அது நிரந்தர மறுப்பு. தேங்கி நின்ற மெயிலையெல்லாம் போஸ்ட்ஃபிக்ஸ் அப்போதே பவுன்ஸ் செய்துவிடும்.

ஆகவே டோவ்காட் பக்கம் போவதற்கு முன்னால் போஸ்ட்ஃபிக்ஸின் கான்ஃபிக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் சாஃப்ட்_பவுன்ஸை எஸ் என்று வைத்து ரீலோட் செய்யுங்கள். 5இல் தொடங்கும் மறுப்பெல்லாம் 4இல் தொடங்கும் தற்காலிக மறுப்பாகிவிடும், இனி வரும் மெயிலுக்கும் அதுவே காப்பு. அப்புறம் போஸ்ட்சூப்பருக்கு மைனஸ் சின்ன எச் கொடுத்து, ஆல் என்று பெரிய எழுத்தில் போட்டு, கியூ முழுவதையும் ஹோல்டில் (நிறுத்திவைப்பில்) வையுங்கள். ஹோல்டில் இருக்கும்வரை அந்த 5 நாள் கெடுவும் கிடையாது. மைனஸ் டி மட்டும் கூடவே கூடாது, அது அழித்துவிடும்.

வாஷிக்காரன்:
மிக்க நன்றி சார். இரண்டும் செய்தாயிற்று. போஸ்ட்க்யூ மைனஸ் பி கொடுத்தால் எல்லா ஐடி பக்கத்திலும் ஆச்சரியக்குறி தெரிகிறது. இன்னொரு அவசரம். எங்களுக்கு இன்று மதியத்துக்குள் வேண்டிய டெலிவரி ஆர்டர் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அனுப்பிய முகவரியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். டோவ்காட் சரியாகும்வரை காத்திருக்காமல் உள்ளே இருக்கும் பிடிஎஃப்பை எடுக்க முடியுமா?

பழைய போஸ்ட்மாஸ்டர்:
முடியும். ஆச்சரியக்குறிதான் ஹோல்டின் அடையாளம், சரியாக இருக்கிறது. ரூட்டாக இருந்து போஸ்ட்கேட்டுக்கு மைனஸ் பிஎச், அப்புறம் மைனஸ் க்யூ, அதன் பின் கியூ ஐடி கொடுங்கள். ஐடியை எழுதும்போது ஆச்சரியக்குறியை விட்டுவிடுங்கள். ஹெடரும் உடலும் மட்டும் வரும். அதை அப்படியே ஒரு கோப்புக்குத் திருப்பி, ஈஎம்எல் என்று முடியும் பெயர் வைத்து உங்கள் கணினிக்கு இறக்குங்கள். தண்டர்பேர்டில் திறந்தால் சாதாரண மெயில்போலவே பிடிஎஃப்போடு தெரியும். கியூவில் இருக்கும் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது.

சயான் ஷெல்:
கான்ஃபிக் பக்கத்தை நான் சொல்கிறேன். டெபியன் 12இல் இருந்தது டோவ்காட் 2.3. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13இல் இருப்பது 2.4. இரண்டின் கான்ஃபிக் அமைப்பும் ஒத்துப்போகாது. வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள், வேறொரு இயந்திரத்தில் மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள் என்று. இரண்டு சர்வருக்கு நடுவே மெயிலைப் பிரதியெடுக்கும் ரெப்ளிகேட்டர் வைத்திருப்பவர்கள் ஏற்றவே வேண்டாம், 2.4இல் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: டெபியன் 12க்கு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) 2028 ஜூன் வரை உண்டு, அவசரப்பட வேண்டியதில்லை.

முதல் வரியில் கான்ஃபிக் வெர்ஷனும் அடுத்து ஸ்டோரேஜ் வெர்ஷனும் போடுங்கள். மெயில்_லொகேஷன் என்ற ஒற்றை வரி இனி இல்லை. மெயில்_டிரைவர் மெயில்டிர் (ஒவ்வொரு மெயிலையும் தனிக் கோப்பாக வைக்கும் அமைப்பு), மெயில்_பாத் தனியாக. குறியாக்கச் சான்றிதழைக் காட்டும் எஸ்எஸ்எல்_செர்ட் இப்போது எஸ்எஸ்எல்_செர்வர்_செர்ட்_ஃபைல். முன்பு பாதைக்கு முன்னால் போட்ட ‘விடச் சிறியது’ குறி வேண்டாம், வெறும் பாதை போதும். கீக்கும் அப்படியே. பாஸ்வேர்டையும் யூசர் விவரத்தையும் எங்கே தேடுவது என்று சொல்லும் பாஸ்டிபி, யூசர்டிபி தொகுதிகளுக்குப் பெயர் கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டு இடத்தில் கவனமாக இருங்கள். டிசேபிள்_பிளெய்ன்டெக்ஸ்ட்_ஆத் போய் ஆத்_அலவ்_கிளியர்டெக்ஸ்ட் வந்திருக்கிறது. பொருள் தலைகீழ். பழையதில் எஸ் என்று இருந்தால் புதியதில் நோ. பழக்கத்தில் எஸ் என்றே எழுதினால் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகப் போக வழி திறந்துவிடும். இன்னொன்று, ஒற்றை எழுத்து மாறிகள் கிடையாது. சதவீதம் டி, சதவீதம் என் என்று பாதையில் எழுதியிருந்தால், சதவீதக் குறிக்குப் பின் சுருள் அடைப்புக்குள் யூசர், ஒரு குழாய்க்குறி, டொமைன் என்றும், யூசர், குழாய்க்குறி, யூசர்நேம் என்றும் எழுத வேண்டும். முடித்ததும் டோவ்கான்ஃப் மைனஸ் என் ஓட்டிப் பாருங்கள், பிழையில்லாமல் வந்தால் கிளப்புங்கள்.

வாஷிக்காரன்:
டெலிவரி ஆர்டர் கிடைத்துவிட்டது, பையன் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்! டோவ்காட்டும் எழுந்துவிட்டது. என் பெட்டிக்கு வந்த ஒரு மெயிலை மட்டும் போஸ்ட்சூப்பருக்கு மைனஸ் பெரிய எச் கொடுத்து ஹோல்டிலிருந்து விடுவித்தேன். சென்ட் என்று லாகில் வந்தது. ஆனால் லாகின் செய்தால் அந்த ஒரு மெயிலைத் தவிர பெட்டி காலி. பழைய மெயில் ஒன்றுகூட இல்லை. கை நடுங்குகிறது.

சயான் ஷெல்:
பதற வேண்டாம், பழையது டிஸ்கில் அப்படியே இருக்கும். பாதை கொஞ்சம் மாறினால் டோவ்காட் அங்கே புதிதாக ஒரு மெயில்டிர் உருவாக்கிக்கொள்ளும், அதைத்தான் பார்க்கிறீர்கள். மெயில்களை வைத்திருக்கும் விமெயில் அடைவுக்குள் டொமைன் பெயரில் இருக்கும் அடைவைப் பட்டியலிட்டுக் காட்டுங்கள்.

வாஷிக்காரன்:
உள்ளே என் பெயரில் ஓர் அடைவு, பக்கத்திலேயே முழு மெயில் முகவரியும் பெயராக இன்னோர் அடைவு. இரண்டாவது இன்றைய தேதியில் உருவானது.

சயான் ஷெல்:
அதேதான். மெயில்_பாத்தில் இரண்டாவதாக வரும் மாறியில் யூசர் என்று மட்டும் இருக்கிறது, யூசர்நேம் ஃபில்டர் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்த்து ரீலோட் செய்யுங்கள். புது அடைவின் நியூ என்ற உள்ளடைவுக்குள் விழுந்த அந்த மெயில் கோப்பை விமெயில் யூசராகவே இருந்து பழைய அடைவின் நியூவுக்குள் நகர்த்தினால் போதும்.

பழைய போஸ்ட்மாஸ்டர்:
இன்னும் மொத்தத்தையும் திறந்துவிடாதீர்கள். வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் சீவ் விதிகள் வைத்திருக்கிறீர்களா? 2.4இல் அதன் அமைப்பும் மாறியிருக்கிறது. எல்எம்டிபியில் சீவ் பிளகின் ஏறாவிட்டால் மெயில் வரும், ஆனால் எல்லாம் இன்பாக்ஸிலேயே கொட்டும்.

வாஷிக்காரன்:
ஆமாம் சார், ஷிப்பிங் லைன் வாரியாகப் பிரித்து ஃபோல்டரில் போடும் விதிகள் இருக்கின்றன. கேட்டது நல்லதாயிற்று. சீவ்_ஸ்கிரிப்ட் என்று தனித் தொகுதி எழுதி, எல்எம்டிபிக்குள் பிளகினையும் சேர்த்தேன். ஒரு மெயிலை விட்டுப் பார்த்தேன், சரியான ஃபோல்டருக்குப் போனது. என் பெட்டியும் பழையபடி நிறைந்துவிட்டது. அப்புறம்தான் பெரிய எச், ஆல் கொடுத்து மொத்தத்தையும் விடுவித்து, போஸ்ட்க்யூ மைனஸ் எஃப் போட்டுத் தள்ளினேன். கியூ காலி, பவுன்ஸ் ஒன்றுகூட இல்லை. 587இல் எல்லோரும் அனுப்புகிறார்கள்.

பழைய போஸ்ட்மாஸ்டர்:
மிகவும் சந்தோஷம். இன்று மாலைவரை லாகைப் பாருங்கள், சரியாக இருந்தால் சாஃப்ட்_பவுன்ஸை நோவாக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை நீங்கள் மறுக்கும் ஸ்பாமைக்கூட அனுப்பியவர்கள் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து தட்டுவார்கள். அந்தப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பதிலாக இப்போதைய நிலையில் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுங்கா டெர்மினல்:
சாரின் விளக்கத்தைப் படித்ததும் என் முதல் பதிலில் சொன்ன யோசனையை விலக்கிக்கொள்கிறேன். இனி இந்த இழைக்கு வருபவர்கள் நேராகப் பழைய போஸ்ட்மாஸ்டரின் முதல் பதிலுக்குப் போய்விடுங்கள்.