ஏர்பேக் விளக்கு அணைய மாட்டேங்குது, ஸ்டியரிங் திருப்பினா ஹாரனும் நின்னுடுது

கொங்குப்பயணி:

வணக்கம். 2018 மாடல் ஹேட்ச்பேக், டாப் வேரியன்ட், 6 ஏர்பேக். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, 61,000 கி.மீ. ஓடியிருக்கு. மூணு வாரம் முன்னாடி எல்லா சீட்டுக்கும் ரெக்சின் கவர் தைச்சுப் போட்டோம். அதுக்காக டிரைவர் சீட்டை வெளியே கழட்டி எடுத்தாங்க. அன்னையிலிருந்து மீட்டர்ல சிவப்பு ஏர்பேக் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. முன்னாடி எல்லாம் சாவி போட்டதும் எரிஞ்சு, ஆறேழு செகண்ட்ல தானா அணைஞ்சுடும்.

இன்னொன்னு. ஸ்டியரிங் நேரா இருந்தா ஹாரன் அடிக்குது, வலது பக்கம் அரை வட்டம் திருப்பினா அடிக்கிறதில்லை. ஸ்டியரிங்ல இருக்கிற வால்யூம் பட்டனும் அப்போ செத்துடுது. இது கவர் போடறதுக்கு முன்னாடியே லேசா இருந்துச்சு.

பக்கத்து ஒர்க்‌ஷாப்ல, "வண்டி ஓடறதுக்குத் தொந்தரவு இல்லைங்க, ரெசிஸ்டர் ஒண்ணு போட்டு விளக்கை அணைச்சுடலாம்"னு சொல்றாங்க. போடலாமா? டிரைவர் பெல்ட்டைக் கழட்டினா முழுசா உள்ள போகாம தொங்குது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

மதுரை டெக்னீஷியன்:

ரெசிஸ்டர் மட்டும் போட்டுடாதீங்க தம்பி. காரணத்தைச் சொல்லிடறேன்.

ஒவ்வொரு ஏர்பேக்குக்குள்ளயும் தீப்பொறி கொடுக்கிற சின்ன பற்றவைப்பான் இருக்கு. அதோட மின்தடை ஏறக்குறைய 2 முதல் 3 ஓம். சாவி போட்டதும் கண்ட்ரோல் யூனிட் ஒவ்வொரு சர்க்யூட்லயும் இந்தத் தடை இருக்கான்னு அளந்து பார்க்கும். அந்த ஆறேழு செகண்ட் விளக்கு எரியறது அதுக்குத்தான். தடை கூடினாலோ, வயர் அறுந்தாலோ, பாடியில ஷார்ட் ஆனாலோ விளக்கு அணையாது. ஏர்பேக்குக்குப் பதிலா அதே தடை உள்ள ரெசிஸ்டர் போட்டா "ஏர்பேக் இருக்கு"ன்னு யூனிட் ஏமாந்துடும். விளக்கு அணையும், மோதினா ரெசிஸ்டர்தான் சூடாகும், பை விரியாது.

இன்னொரு விஷயம், பெல்ட்டை மோதலின்போது சட்டுனு இறுக்குற ப்ரீடென்ஷனரையும் இதே யூனிட்தான் வெடிக்க வைக்குது. விளக்கு எரியும்போது பல வண்டிகள்ல எது வேலை செய்யும், எது செய்யாதுன்னு உத்தரவாதமே கிடையாது. பெல்ட் பூட்டிக்கிறது மெக்கானிக்கல் வேலை, அது மட்டும் நடக்கும். அதனால சரி பண்ற வரைக்கும் பெல்ட் இல்லாம ஒரு தெரு கூட ஓட்டாதீங்க.

நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா ரெண்டு தனித்தனிக் கோளாறு. சீட்டைக் கழட்டினதுல ஒண்ணு, ஸ்டியரிங் உள்ள ஒண்ணு. முதல்ல ஸ்கேன் பண்ணி கோடு (யூனிட் பதிவு பண்ணி வெச்சிருக்கிற பழுதுக் குறியீடு) என்னன்னு சொல்லுங்க. வண்டியோட கம்ப்யூட்டர்ல சொருகிப் பழுதைப் படிக்கிற, விலை குறைஞ்ச புளூடூத் ஓபிடி கருவிகள் பெரும்பாலும் என்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் பக்கம் போய்ப் படிக்கிற ஸ்கேனர் வேணும்.

சுருள்வயர்:

ஹாரன் அடையாளத்தைப் பார்த்தா, ஸ்டியரிங் அடியில இருக்கிற கிளாக் ஸ்பிரிங்தான். ஸ்டியரிங் சுத்தும்போது வயர் முறுக்கி அறுந்துடாம இருக்க, அதுக்குள்ள நாடா மாதிரி தட்டையான கேபிள் கடிகாரச் சுருளா சுத்தி வெச்சிருக்கும். ஹாரன், ஆடியோ பட்டன், டிரைவர் ஏர்பேக் மூணுக்கும் வழி அதுதான். நாடாவுல விரிசல் விழுந்தா ஒரு கோணத்துல தொடர்பு இருக்கும், இன்னொரு கோணத்துல விட்டுப்போகும். இப்போ ஹாரன்ல தெரியறது ஏர்பேக் இழைக்கும் வர அதிக நாள் ஆகாது.

சரி பார்க்க எளிய வழி: நின்ன இடத்துல என்ஜினை ஓட விட்டு, ஸ்டியரிங்கை மெதுவா முழு இடதுலேர்ந்து முழு வலதுக்குக் கொண்டு போங்க. போகும்போதே ஹாரனை விட்டு விட்டு அழுத்துங்க. எந்த இடத்துல நிக்குது, திரும்ப எங்க வருதுன்னு குறிச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவையும் அதே இடம்னா சந்தேகமே வேண்டாம்.

பழசைப் பிரிச்சு நாடாவை ஒட்டவெச்சுத் தர்றவங்க இருக்காங்க. ஹாரனுக்கு அது சரிவரலாம், ஏர்பேக் சர்க்யூட்டுக்கு அந்த வேலை கூடவே கூடாது. புதுசு வாங்குங்க.

கொங்குப்பயணி:

ரொம்ப நன்றிங்க. ஸ்கேன் பண்ணியாச்சு. ரெண்டு கோடு வந்துச்சு: டிரைவர் பக்கவாட்டு ஏர்பேக் சர்க்யூட்ல தடை அதிகம், டிரைவர் முன் ஏர்பேக் சர்க்யூட் விட்டு விட்டு அறுபடுது. சீட்டுக்கு அடியில நானே பார்க்கலாமா?

மதுரை டெக்னீஷியன்:

கண்ணால பார்க்கலாம், கப்ளரைச் (வயரை வயரோட சேர்க்கிற பிளக்) சரியா உட்கார வைக்கலாம். அதுக்கு மேல வேண்டாம். வரிசை இதுதான்:

சாவியை அணைச்சு வெளியே எடுங்க. 10 நம்பர் ஸ்பேனரால பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டி, டெர்மினல்ல படாம துணி சுத்தி ஒதுக்குங்க. உடனே கை வைக்கக் கூடாது. மோதல்ல பேட்டரியே நசுங்கினாலும் ஏர்பேக் வெடிக்கணும்னு யூனிட்டுக்குள்ள கெப்பாசிட்டர் சார்ஜ் தேக்கி வெச்சிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும். சில கம்பெனிகள் 90 செகண்ட்னு சொல்லும், சில 3 நிமிஷம். தெரியலைன்னா 10 நிமிஷம் விடுங்க.

பேட்டரியைக் கழட்டறதுக்கு முன்னாடியே சீட்டை முழுசா பின்னால தள்ளிக்கோங்க, பவர் சீட்டா இருந்தா அப்புறம் நகராது. டார்ச் அடிச்சுப் பாருங்க. மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட வயர் எல்லாமே ஏர்பேக் வகை. கப்ளர்ல ரெண்டாவது பூட்டு ஒண்ணு இருக்கும். கவர் போடறவங்க கப்ளரைச் சொருகிட்டு அந்தப் பூட்டை அழுத்தாம விட்டுடறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு. வெளியிலேர்ந்து பார்த்தா மாட்டின மாதிரியே இருக்கும். பிரிச்சுட்டு மறுபடி "டிக்"னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க. கப்ளருக்குள்ள இருக்கிற உலோகப் பின்ல பச்சைக் களிம்பு படிஞ்சிருக்கா, சீட் தண்டவாளத்துல வயர் நசுங்கியிருக்கான்னும் பாருங்க. உள்ளே தண்ணி அடிச்சுக் கழுவின வண்டியில பச்சைதான் முதல்ல வரும்.

மல்டிமீட்டரையோ டெஸ்ட் லாம்பையோ அந்தப் பின்ல வைக்காதீங்க. மீட்டர் அனுப்புற சின்ன கரண்ட்டே பற்றவைப்பானை உசுப்பிடலாம். கப்ளரைப் பிரிச்சதும் உள்ள இருக்கிற தகடு ரெண்டு பின்னையும் சேர்த்துப் பிடிச்சுக்கும், நிலைமின்சாரத்துல வெடிக்காம இருக்க. பேப்பர் கிளிப் விட்டு நோண்டினா அந்தப் பாதுகாப்பு போயிடும்.

முடிச்சதும் வண்டிக்குள்ள யாரும் இல்லாம பேட்டரியை மாட்டிட்டு, அப்புறமா சாவி போடுங்க. கப்ளர் சரியானாலும் சில வண்டிகள்ல பழைய கோடு தங்கிடும், ஸ்கேனர்ல அழிச்சாத்தான் விளக்கு அணையும்.

கிளாக் ஸ்பிரிங்கை நீங்க கழட்டாதீங்க. ஸ்டியரிங் நடுவுல இருக்கிற ஏர்பேக்கை எடுக்கணும். எடுக்கத் தெரிஞ்சவங்க அதோட முகத்தை உடம்புக்கு எதிர்ப்பக்கம் காட்டித் தூக்கி, முகம் மேல பார்க்கிற மாதிரி மேஜையில வைப்பாங்க. கவிழ்த்து வெச்சா, வெடிக்கும்போது மொத்தமும் ராக்கெட் மாதிரி எகிறும்.

சுருள்வயர்:

மாட்டித் தர்றவர்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க: முன் சக்கரம் நேரா இருக்கும்போதுதான் புது ஸ்பிரிங்கை மாட்டினாரா, அது நடுவுல இருந்துச்சா? புதுசு நடுவுல பூட்டித்தான் வரும், அந்தப் பூட்டா ஒரு முள் இல்லைன்னா ஸ்டிக்கர் இருக்கும். மாட்டின பிறகுதான் அதை எடுக்கணும். முன்னாடியே எடுத்துச் சுத்திப் பார்த்துட்டு மாட்டினா, ஒரு பக்கம் முழுசா திருப்பும்போது நாடா நீளம் பத்தாம அறுந்துடும். நாலு நாள்ல மறுபடி விளக்கு எரிஞ்சா காரணம் இதுதான்.

நாலுவழிச்சாலை:

கப்ளர் சரியாகிவிட்டாலும் அந்த சீட் கவர் பிரச்சினையாகவே இருக்கும். யாரும் இன்னும் சொல்லவில்லை.

ஆறு ஏர்பேக் வண்டியில் இரண்டு, முன் சீட்டுகளின் முதுகுப் பகுதியில் கதவோரமாக இருக்கின்றன. சீட்டின் வெளி விளிம்பில் ‘ஏர்பேக்’ என்று எழுதிய சின்னத் துணிச் சீட்டு தைத்திருக்கும். மோதிய சில மில்லி விநாடிகளில் பை அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டு விலா எலும்புக்கும் கதவுக்கும் நடுவே புகுந்தாக வேண்டும். அதன் மேல் கெட்டி ரெக்சினை இரட்டைத் தையல் போட்டு மூடினால் பை தாமதமாக வரும், அல்லது இடம் மாறி வரும். பக்கவாட்டு மோதலில் கதவுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை, தாமதத்துக்கு அங்கே இடமே கிடையாது. முன் சீட் கவர் இரண்டையும் கழற்றிவிடுங்கள். கவர் வேண்டுமென்றால் அந்த மாடலுக்கென்றே, அந்தப் பக்கம் திறந்தோ எளிதில் பிரியும் நூலால் தைத்தோ வருவதை வாங்குங்கள்.

பின் சீட்டையும் பாருங்கள். கவர் தைக்கும்போது பெல்ட் பக்கிள்களை அடியில் தள்ளி மூடிவிடுவது இங்கே சாதாரணம். பின்னால் உட்கார்பவருக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம். பெல்ட் போடாமல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தைவிடப் பெரிய காரணம், பின்னால் பெல்ட் இல்லாதவர் தன் முழு எடையோடும் முன் சீட்காரரின் முதுகில் வந்து மோதுவார் என்பது. பீப் ஒலியை நிறுத்தப் பக்கிளில் சொருகும் போலி கிளிப் வண்டியில் இருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள். இணையக் கடைகளில் அதை விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் உத்தரவிட்டது.

மதுரை டெக்னீஷியன்:

கவர் விஷயம் ரொம்பச் சரிங்க, நான் சொல்ல விட்டுட்டேன். தொங்குற பெல்ட்டுக்கும் விளக்குக்கும் சம்பந்தம் இல்லை தம்பி. தோளுக்கு மேல தூண்ல பெல்ட் நுழைஞ்சு வர்ற வளையத்துல எண்ணெயும் தூசியும் சேர்ந்து மெழுகு மாதிரி படியும், அதுதான் பிடிக்குது. பெல்ட்டை முழுசா வெளியே இழுத்து, உள்ள போகாம துணி கிளிப் போடுங்க. வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் மென்மையான சோப்பு கலந்து, துணியால பெல்ட்டையும் வளையத்தையும் துடைங்க. நிழல்ல முழுசா காய்ஞ்ச பிறகுதான் உள்ள விடணும். பிளீச், பெட்ரோல், எண்ணெய் எதுவும் ஆகாது, இழை வலுவிழக்கும். சுருளும் டப்பாவுக்குள்ள ஸ்ப்ரே அடிக்காதீங்க.

காய்ஞ்சதும் வெடுக்குனு இழுத்துப் பாருங்க, பூட்டணும். ஓரம் நைஞ்சிருந்தாலோ, பெரிய மோதல் வாங்கின வண்டியா இருந்தாலோ பெல்ட்டையே மாத்தணும். செகண்ட் ஹேண்ட் வண்டிங்கிறதால அந்த சரித்திரத்தையும் சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. கேட்கும்போதே சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஏர்பேக் ரீகால் (கோளாறுன்னு கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைச்சுச் சரி பண்றது) பாக்கி இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. டகாடாங்கிற ஜப்பான் கம்பெனி செஞ்ச ஏர்பேக்ல வெப்பமும் ஈரப்பதமும் வருஷக்கணக்கா ஏறி, உள்ள இருக்கிற அம்மோனியம் நைட்ரேட் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டு சிதறினதாலதான் உலகம் முழுக்கத் திரும்ப அழைச்சாங்க. ரீகால் வேலைக்குக் காசு கிடையாது.

கொங்குப்பயணி:

எல்லாம் செஞ்சாச்சுங்க. கப்ளர் பூட்டு நிஜமாவே பாதிதான் உட்கார்ந்திருந்துச்சு. கிளாக் ஸ்பிரிங் புதுசு, கோடு அழிச்சாச்சு. விளக்கு ஏழு செகண்ட்ல அணையுது, ஹாரன் எந்தக் கோணத்துலயும் அடிக்குது. முன் கவர் ரெண்டையும் கழட்டிட்டோம், பின் பக்கிள் மூணும் வெளிய வந்தாச்சு. பெல்ட் சர்ருனு உள்ள போகுது.

இன்னும் மூணு கேள்வி. வீட்டம்மா முன் சீட்ல ரெண்டு வயசுப் பையனை மடியில வெச்சுத்தான் உட்காருவாங்க, 12 கிலோ. பையனை எங்க உட்கார வைக்கிறது? டாஷ்போர்டு இடது பக்கம் பித்தளைப் பிள்ளையார் ஒட்டியிருக்கோம், எடுக்கணுமா? சீட்டைக் கழட்டி மாட்டினதுல உட்காரும் நிலை மாறிப்போச்சு, பக்கக் கண்ணாடி எப்படி வைக்கிறது?

நாலுவழிச்சாலை:

குழந்தையை மடியில் வைத்துத் தயவுசெய்து இனி ஒரு நாளும் கூட்டிப் போகாதீர்கள். 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி 0.1 விநாடியில் நின்றால், 12 கிலோ குழந்தை கையில் சுமார் 135 கிலோ சுமையாக இழுக்கும். எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. அதே நேரத்தில் எதிரே ஏர்பேக்கும் விரியும். பின் சீட்டில், ஐசோஃபிக்ஸ் என்ற, காரோடு பொருத்தியிருக்கும் கொக்கியில் மாட்டும் குழந்தை சீட் வாங்குங்கள். கீழே இரண்டு கொக்கி, மேலே ஒரு வார், மூன்றும் மாட்டினால்தான் கணக்கு. குழந்தை பின்னோக்கிப் பார்க்கும் சீட்டை, ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் வைக்கவே கூடாது. பை விரிந்து அந்தச் சீட்டின் முதுகிலேயே அறையும்.

சீட்டை முதலில் சரிசெய்யுங்கள், கண்ணாடி கடைசி. ஸ்டியரிங் நடுவிலிருந்து உங்கள் நெஞ்செலும்புக்குக் குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை ஏற்றி இறக்கும் வசதி உண்டென்றால், அது முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கட்டும். கை 9 மணி, 3 மணி இடத்தில். பெல்ட்டின் கீழ் வார் வயிற்றில் அல்ல, இடுப்பு எலும்பில் படிய வேண்டும். மேல் வார் தோள்பட்டை எலும்பின் நடுவே, கைக்கு அடியில் அல்ல.

பிறகு உள் கண்ணாடியில் வண்டியின் பின்பக்க ஜன்னல் முழுதும் தெரியும்படி வையுங்கள். தலையை வலது ஜன்னல் அருகே கொண்டுபோய், உங்கள் வண்டியின் பக்கம் இம்மியளவு தெரியும்வரை வலது கண்ணாடியை வெளியே திருப்புங்கள். இடதுக்கு, வண்டியின் நடுவுக்குச் சாய்ந்து அதையே செய்யுங்கள். நிமிர்ந்தால் சொந்த வண்டி தெரியாது, முதல் இரண்டு நாள் கலக்கமாக இருக்கும். ஆனால் உள் கண்ணாடியிலிருந்து மறையும் பைக், பக்கக் கண்ணாடியில் உடனே தோன்றும். இடது கண்ணாடி குவிந்தது, அதில் தூரமாகத் தெரியும் பைக் பக்கத்தில்தான் இருக்கும். நம் ஊரில் இடப்புறம் ஏறி வருபவர்கள் அதிகம், ஆகவே திரும்புமுன் ஒருமுறை தலையைத் திருப்பியும் பாருங்கள். குறுகிய சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் இடது கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

மதுரை டெக்னீஷியன்:

பிள்ளையார் கேள்விக்கு: இடது டாஷ்போர்டு மேல கையை வெச்சுத் தடவிப் பாருங்க. மெல்லிசா ஒரு கோடு செவ்வகமா ஓடும், இல்லைன்னா ஏர்பேக்னு எழுத்து இருக்கும். சில மாடல்ல கோடே தெரியாது, எழுத்து மட்டும்தான். பை விரியும்போது அந்த மூடி விண்ட்ஷீல்டைப் பார்த்துத் திறந்து எகிறும். மேல ஒட்டின பித்தளை உங்க வீட்டம்மா முகத்துக்குத்தான் வரும். மூடிக்கு வெளியேயும் கனமான சிலை வேண்டாம், பிரேக் அடிச்சாலே ஒட்டுப் பசை விட்டுடும். மீட்டருக்கும் விண்ட்ஷீல்டுக்கும் நடுவுல லேசான படம் ஒண்ணு ஒட்டிக்கோங்க. பழைய பசையைச் சுரண்ட கத்தி வைக்காதீங்க, ஹேர் டிரையர் காத்துல லேசா சூடாக்கினா தானா உரியும்.